இருபத்தஞ்சு குதிரையும் ஒரு புருஷனும்

எனெய்தா தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு சான் ஆந்திரேஸ் தீவுக்கு விமானம் ஏறப்போகிறாள் என்ற சேதி, மீன் இறக்கி முடிப்பதற்குள் ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டது. விமானம் பெரிய விஷயம்தான். ஆனால் ஊர் வாயைப் பிளந்தது புருஷன் என்ற சொல்லுக்கு.

உபால்தோ அவளை விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகிறது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கார்த்தகேனாவில் யாதிரா என்கிறவள் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். பண்டிகைக்கு முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவன் அங்கேயே தங்கிவிட்டான். முடி வெட்டுவதற்கு நான்கு வருஷமா என்று எனெய்தாவை யாரும் நேரில் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் கேட்டார்கள்.

எங்கள் ஊரும் தீவுதான். ஆனால் சான் ஆந்திரேஸ் மாதிரி சரக்குக்கு வரியில்லாத தீவு அல்ல, ஒன்றுமே இல்லாத தீவு. மீன் உண்டு, ஐஸ் கிடையாது. எனெய்தாவின் படகு இருட்டோடு வளைகுடாவைத் தாண்டிப் போகும். ஐஸ் பாளங்களை உமியும் சாக்கும் போட்டு மூடி, வெயில் ஏறுவதற்குள் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு மீனை ஏற்றிக்கொண்டு கார்த்தகேனாவின் பசூர்தோ சந்தைக்குத் திரும்பும். வாடைக்காற்று அடித்த மாதத்தில் நடுக்கடலில் அவள் மோட்டார் வெந்து இறுகி நின்றுபோயிற்று. இரண்டு பேர் துடுப்புப் போட்டுத்தான் அவளைக் கரை சேர்த்தார்கள்.

அன்றிலிருந்து ஐஸும் மீன் முதலாளி தோன் எலியேசருடையது, படகும் அவருடையது, மீனுக்கு விலை என்பது அவர் வாயில் வருவது. காலையில் ஒரு விலை சொல்லுவார். மத்தியானம், மீன் கண் கலங்க ஆரம்பித்த பிறகு, இன்னொன்று சொல்லுவார். விற்காதவன் வீட்டில் வஞ்சிரம் நாறியது. ஆண்டவன் சித்தம் என்று சொல்லி ஜெபமாலை உருட்டியவர்களைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவன் எங்கே ஐஸ் விற்றான்? விற்றது எலியேசர்.

எனெய்தா ஜெபமாலை உருட்டவில்லை. அந்தத் தீவுச் சரக்கைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கார்த்தகேனாவில் விற்கும் பெண்களிடம் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். சான் ஆந்திரேஸில் மோட்டார் பாதி விலை. அங்கிருந்து திரும்பும் ஒவ்வொரு பயணிக்கும் வரியில்லாமல் இவ்வளவு மதிப்புக்குச் சரக்கு என்று ஓர் அளவு உண்டு. இருபத்தைந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒரு ஆளின் அளவுக்குள் அடங்காது. இரண்டு ஆளின் அளவைச் சேர்த்தால் அடங்கும்.

உபால்தோவைக் கூப்பிட்டு அனுப்பினாள். பூப்போட்ட சட்டையும் வாசனை எண்ணெயுமாக வந்து வாசலிலேயே நின்றான். அடுப்படியில் அவள் தங்கை பெத்சாபே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாரும். ஒக்காந்தா ஒண்ணும் ஒட்டிக்கிடாது" என்றாள் எனெய்தா.

"எதுக்குக் கூப்ட்டு விட்ட? யாருக்காவது மேலுக்குச் சரியில்லையா?"

"எல்லாரும் சொகமாத்தான் இருக்கோம். நீரு போனதுக்குப் பொறவு."

பெத்சாபே சட்டிக்குள் பார்த்துச் சிரித்தாள்.

எனெய்தா மோட்டார் விஷயத்தைச் சொன்னாள். உபால்தோ பாதி கேட்டதும் கையை வீசினான். "ஒந் தங்கச்சியக் கூட்டிட்டுப் போ. அவளுக்கும் ஊரு பாத்த மாதிரி இருக்கும்."

"தங்கச்சி அளவு சேராதாம். புருசன் பொண்டாட்டின்னாத்தான் சேப்பானுவளாம். சாமியாரு முன்னால நின்னோம்லா, அந்தக் காகிதம் எங்கிட்டதான் இருக்கு. கறையான்கூட அதத் திங்க மாட்டேங்கு."

"அப்ப நான் ஒனக்குப் புருசனா?"

"ரெண்டு நாளைக்கி. போக வர டிக்கெட்டு, சாப்பாடு என் செலவு. வேற என்ன வேணும், இப்பமே சொல்லிரும்."

உபால்தோ கடலைப் பார்த்தான். துறையில் எலியேசரின் படகு ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் வேண்டாம்" என்றான். "ஒனக்கு நான் செஞ்சதுக்கு இது ஒரு பிராயச்சித்தமா இருக்கட்டும்."

அவன் பொரித்த மீனைத் தின்று, காப்பியைக் குடித்துப் போன பிறகு பெத்சாபே கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏ அக்கா, இவன் காசு கேட்டிருந்தாம்னா நான் நிம்மதியாப் படுத்திருப்பேன். சும்மா வாரேங்கானே, அதான் எனக்குச் சரியாப் படல."

"மனுசன் திருந்த மாட்டானாட்டி?"

"திருந்துவான். இவன் திருந்த மாட்டான்."

கிளம்பும் நாளன்று ஊர் முழுக்கத் துறையில் நின்றது. அவள் சேர்த்து வைத்திருந்ததற்கு மேல் வீட்டுக்கு வீடு கொஞ்சம் கடன் கொடுத்திருந்தார்கள், அதனால் எல்லாருக்கும் உரிமை வந்துவிட்டது. ஒருத்தி சென்ட் கேட்டாள், ஒருவன் கைக்கடிகாரம் கேட்டான். "ஒருத்தருக்கும் ஒண்ணும் கெடையாது!" என்று எனெய்தா படகிலிருந்து கத்தினாள். "மோட்டார் போக ஒரு சீப்பு வாங்கக்கூட அளவுல எடமில்ல. போயி கிழிஞ்ச வலையப் பொத்துங்க!" ஊர் கைதட்டியது. உபால்தோ ஏதோ குத்துச்சண்டை வீரன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

சான் ஆந்திரேஸில் நடந்ததை எனெய்தா சொன்னது பாதி, உபால்தோ குடித்துவிட்டு உளறியது மீதி. இரண்டையும் ஒட்டித்தான் சொல்கிறேன்.

வாடகை அறையில் கட்டிலில் அவள் படுத்தாள். அவன் கடற்கரை மணலில் படுத்து, கொசுக்கடியோடு எழுந்து வந்தான். காலையில் நேராக நசீஃபின் கடைக்குப் போனார்கள். அவர் பாட்டனார் லெபனானிலிருந்து வந்தவர், அங்கே பாதிக் கடைகள் அப்படிப்பட்டவர்களுடையதுதான். மற்றவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது எனெய்தா மோட்டாரின் மூடியைக் கழற்றச் சொன்னாள். உள்ளே மூக்கை வைத்து முகர்ந்தாள். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் இதழ்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கயிற்றை இழுத்து அழுத்தம் பார்த்தாள். "இதான்" என்றாள். கன்றுக்குட்டி வாங்கியவள் மாதிரி முகம் பூரித்துவிட்டது என்று உபால்தோவே சொன்னான்.

விமான நிலையம் கடையிலிருந்து கூப்பிடு தூரம். சுங்க வரிசையில் நிற்க இடமில்லை. உடம்பில் உடுத்தியிருப்பது கணக்கில் வராது என்பதால் ஒரு அம்மாள் மூன்று கவுனை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தாள். ஒரு கிழவர் மூன்று தொப்பி வைத்திருந்தார். கைக்குழந்தைக்கும் பாதி அளவு உண்டு என்பதால் அழுகிற குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள் ஒருத்தி. மின்விசிறிப் பெட்டி, ரேடியோப் பெட்டி, சீஸ் உருண்டை, விஸ்கி. எல்லாரும் எல்லாரோடும் சத்தமாகப் பேசினார்கள். பயத்திலும் சந்தோஷத்திலும் எங்கள் கரைக்காரர்களுக்கு ஒரே குரல்தான்.

அதிகாரி மலைநாட்டுக்காரர், தலைநகர்ப் பக்கம். அந்தப் புழுக்கத்திலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றவில்லை. திருமணக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உபால்தோ எனெய்தாவின் தோளில் கையைப் போட்டான்.

"எங் கண்ணு, நீ அங்கன உக்காரு. ஒனக்குக் கால் வலிக்கும்லா."

"பரவால்ல ராசா" என்றாள் எனெய்தா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "திருமணமாகி எத்தனை வருடம்?"

"பதினோரு வருசம்" என்றார்கள் இருவரும் ஒரே வாயாக.

"பதினோரு வருடம் ஆன தம்பதிகளை நான் தினமும் பார்க்கிறேன். யாரும் இங்கே கண்ணே, ராசாவே என்று பேசுவதில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் வாடகைக்குப் பிடித்த கணவர்கள். ஐயா, நீங்கள் அந்தக் கதவுக்கு வெளியே நில்லுங்கள். அம்மா, உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள்."

எனெய்தா ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். தேங்காய்ச்சோறு பிடிக்கும், இடது பக்கம் படுப்பார், சிவப்பு நிறம் ஆகாது. வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"என்னத்தச் சொல்ல அய்யா? சோறு வெந்துட்டான்னு பானையத் தொறப்பான். மூட மாட்டான். நகத்தக் கடிச்சி சன்னல் கட்டையில வரிசையா வப்பான், சாமிக்குப் படைக்க மாதிரி. பெத்த தாயி செத்தன்னைக்கி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மறு வாரம் எவனோ ஒருத்தன் குத்துச்சண்டையில தோத்துட்டாம்னு ரேடியோவக் கட்டிப்பிடிச்சி அழுதான். கடங்காரன் வந்தா குளிமுறியில இருக்கேன்னு சொல்லச் சொல்லுவான். எங்க வீட்ல குளிமுறியே கெடையாது!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, அதுக்கு நகமும் கெடையாது, பல்லும் கெடையாது" என்றாள் மூன்று கவுன் அம்மாள். எனெய்தாவுக்கு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது, சொல்லிக்கொண்டே போனாள்.

"போதும், போதும். நீங்கள் மனைவிதான்" என்று அதிகாரி கையைத் தூக்கினார். சுங்கத்தில் அன்றைக்கு ஒரு கல்யாணம் நிரூபணமானது இப்படித்தான். உபால்தோவை உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு அளவும் சேர்ந்தன. எனெய்தா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள்.

அதிகாரி மெதுவாக அதை வாங்கி உபால்தோ பக்கம் நீட்டினார். "சேர்த்துக் கொண்டுபோகும் பொருளுக்குக் குடும்பத் தலைவர் கையெழுத்து."

"காசு என்னுது அய்யா."

"காசு யாருடையது என்று படிவத்தில் கேள்வி இல்லை, அம்மா. ஒரு பொருள், ஒரு பெயர்."

ஊரில் நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. அளவைச் சேர்த்தால் பொருளும் இருவருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டோம். துறைமுக அலுவலகத்தில் சுங்கக் காகிதம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மோட்டாரைப் பதிவு செய்வார்கள். மற்றவள் எத்தனை மீன் சுமந்து சேர்த்த காசாக இருந்தாலும் சரி. அந்தப் படிவத்தை எழுதியவனுக்கு ஒரு பெண்பிள்ளை தொப்பி வாங்குவாள், சென்ட் வாங்குவாள் என்று தோன்றியிருக்கிறது. மோட்டார் வாங்குவாள் என்று தோன்றவில்லை. படித்தவன்தான் எழுதியிருப்பான்.

எனெய்தா உபால்தோவின் சட்டையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனாள். "அவளே போடட்டும்னு சொல்லும். தலைவன் நீருதான, நீரு சொன்னா கேப்பாரு."

உபால்தோ தரையைப் பார்த்தான். "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா எனெய்தா."

அவள் அவன் சட்டையை விட்டாள். "எலியேசர் எவ்வளவு குடுத்தாரு?"

"குடுக்கல."

"பொறவு?"

"குடுப்பேன்னாரு. காகிதம் எம் பேர்லதான் வரும்னு அவருக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. மோட்டார அவருகிட்டக் குடுத்துட்டா... யாதிராவுக்குக் கடையில ஒரு சுத்துற நாற்காலி வேணுமாம். நான் ஒன்னிய ஏமாத்தணும்னு நெனைக்கல. அவரு படகுல ஒனக்கு வேல தாரேன்னாரு. மாசச் சம்பளம்."

"எனக்கு வேல தாராரா! என் மோட்டார வச்சி, எனக்கே!"

அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தானாம். அவள் மேசைக்குத் திரும்பிப் போய், "அய்யா, அதக் கிழிச்சிப் போடுங்க" என்றாள். "பிளேனுக்கு இன்னும் நேரமிருக்கா?"

"இருக்கிறது. ஆனால் அம்மா..."

அதற்குள் அவள் சுமைவண்டியைத் திருப்பிவிட்டாள். மோட்டார் பெட்டி குலுங்கக் குலுங்க, வெயிலில், வண்டிக்காரனுக்கும் முன்னால் ஓடினாள். உபால்தோ பின்னாலேயே ஓடினான். "ஏ, என்ன செய்யப் போற? திருப்பிக் குடுக்கப் போறியா? ஏ!"

நசீஃப் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். வாயில் சோற்றோடு எழுந்து வந்தார்.

"ஸ்பேனர் பெட்டியக் குடும்" என்றாள்.

பெட்டி அட்டையைத் தரையில் விரித்து மோட்டாரைச் சாய்த்தாள். மூடியைக் கழற்றினாள். எஞ்சினைக் கீழே தாங்கிப் பிடிக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தாள். நசீஃப் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"புது மோட்டாரும்மா! வாரண்டி போயிரும்!"

"வாரண்டிய வச்சி நான் என்ன செய்ய? எங்க ஊருக்கு நீரா வந்து பாப்பீரு? அந்தச் சின்ன ஸ்பேனர எடும். அது இல்ல, அதுக்கு அடுத்தது."

கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். விரலில் தோல் உரிந்தது. கடைசி போல்ட் வர மாட்டேன் என்றது. அவள் எழுந்து ஸ்பேனர் பிடியின்மேல் ஏறி நின்றாள். டக்கென்று விட்டது. கூட்டம் "ஹோ" என்றது. அவள் குனிந்து, எஞ்சினைக் கட்டிப்பிடித்து மேல்நோக்கி இழுத்தாள். அது தண்டிலிருந்து வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. கீழே கிடந்தது விசிறியோடு கூடிய நீளப்பகுதி. தண்ணீருக்குள் நிற்கிற பகுதி அது, நாங்கள் அதைக் கால் என்போம்.

"பில்ல ரெண்டாப் போடும் நசீஃப். எஞ்சின் ஒண்ணு. கால் ஒண்ணு. எஞ்சின் எம் பேர்ல."

நசீஃப் பேனாவை எடுத்தார், விலைப்பட்டியலைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். "எஞ்சின் ஒத்த ஆளு அளவுக்குள்ள அடங்கிரும்மா! மயிரிழையில அடங்கும்! காலு யாரு பேர்ல?"

உபால்தோ பாய்ந்து காலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "எம் பேர்ல. அவளுக்கு இனிமே அளவு கெடையாது, என்னைய விட்டா ஆளும் கெடையாது." மூச்சு வாங்கியது அவனுக்கு. "எஞ்சின வச்சி என்னட்டி செய்வ? வீட்ல வச்சி மெழுகுதிரி கொளுத்துவியா? காலில்லாம படகு ஓடாது. நீ என்னையத் தேடி வருவ."

எனெய்தா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வச்சிக்கிடும். ஏழு வருசம் எங்கூடக் குடித்தனம் நடத்துனீரு. ஒரு காலாவது கொண்டு போறது நியாயந்தான்."

திரும்பவும் அதே வரிசை, அதே அதிகாரி. அவர் எஞ்சினைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எண்ணெய்க் கையோடு நின்ற அவளைப் பார்த்தார்.

"இது நான் கொஞ்சம் முன்னால் பார்த்த மோட்டார்."

"மோட்டாரா? எங்கன இருக்கு மோட்டாரு? ஓட்டிக் காட்டுங்க பாப்போம்."

மூன்று தொப்பிக் கிழவர் எட்டிப் பார்த்து, "ஓடாதுய்யா, அது வெறும் இரும்பு" என்று சாட்சி சொன்னார். அதிகாரி இரண்டு பில்லையும் மாற்றி மாற்றிப் படித்தார். முதன்முறையாகக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "இரண்டு பயணிகள். இரண்டு பொருட்கள். அளவுக்கு உட்பட்டவை." முத்திரையை ஓங்கிக் குத்தினார். "கணவரும் நீங்களும் தனித்தனியாகவா போகிறீர்கள், அம்மா?"

"கணவரா? இவரு யாரோ."

வரிசை மொத்தமும் சிரித்த சிரிப்பில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

கார்த்தகேனாவில் இறங்கியதும் உபால்தோ காலைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி யாதிரா வீட்டுக்குப் போனான். எனெய்தா டாக்சியின் பின்னால் எஞ்சினைக் கயிறு போட்டுக் கட்டி நேராகப் பசூர்தோ சந்தைக்குப் போனாள். படகில் எப்போதும் சவாரி மட்டுமே செய்தவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். பெட்ரோலில் எண்ணெயைச் சரியாகக் கலக்காமல் ஊற்றி எஞ்சினை வேகவைத்துக் கொல்லுகிறவர்கள் நாங்கள். எங்கள் கரையில் எஞ்சின் சாகும், கால் மிஞ்சும். பசூர்தோவின் பழைய இரும்புச் சந்தில் அனாதைக் கால்கள் வாழைத்தார் மாதிரி வரிசையாகத் தொங்கும். அவளுடைய பழைய மோட்டாரின் கால் வேறு கம்பெனி, இதற்குச் சேராது. ஒரே கம்பெனிக் காலாகத் தேடி, மூன்றை எஞ்சினில் மாட்டிப் பார்த்து, நான்காவதை எடுத்தாள். நீல வண்ணம், அங்கங்கே சுரண்டல். புதுக் காலின் விலைக்கு அதில் பத்து வாங்கலாம்.

ஊருக்கு அவள் வந்து இறங்கியபோது எஞ்சின் வெள்ளை, கால் நீலம். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவது இழுப்பில் புகை விட்டது. பெத்சாபே, "மாதாவே, மாதாவே" என்றாள். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது பாருங்கள், அந்தச் சத்தத்துக்குத் துறையில் நின்ற கிழங்கட்டைகள் எல்லாம் ஆடின. பெத்சாபே கையில் கரண்டியோடு ஆடினாள். சத்தம் கேட்டு எலியேசரின் ஆள் தன் படகிலிருந்து எழுந்து நின்றான். எழுந்தவன் உட்காரவில்லை. மறுநாளே துறைமுக அலுவலகத்தில் பதிவாயிற்று, எஞ்சின் நம்பருக்கு நேரே எனெய்தாவின் பெயர்.

அந்த வாரக் கடைசியில் உபால்தோ வந்தான். எலியேசரின் படகு அவனைத் துறையில் இறக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. படுக்கைவிரிப்பில் சுற்றிய காலைத் தோளில் சுமந்துகொண்டு நின்றான். வெயில் சுள்ளென்றிருந்தது. எனெய்தாவின் படகில் விடியலில் வந்த ஐஸை எப்போதோ இறக்கியாகிவிட்டது. இப்போது கூடை கூடையாக மீன் ஏறிக்கொண்டிருந்தது.

"ஓடுதா?" என்றான்.

"ஓடுது."

"எந்தக் காலு?"

"கெடச்ச காலு."

அவன் படகின் பின்புறம் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தான். நீலம் தெரிந்தது. "இது அந்த எஞ்சினோட பொறந்த காலு, எனெய்தா. புதுசு. நீ ஏதாவது பாத்துக் குடுத்தீன்னா..."

"எலியேசர்ட்டக் குடுக்க வேண்டியதுதான?"

"காலு மட்டும் அவருக்கு எதுக்காம்." குரல் இறங்கியது. "யாதிரா வீட்டுக்குள்ள வைக்க விட மாட்டேங்கா. கடைக்கி வாரவ எல்லாம் இதுல தட்டி விழுதாளாம்."

பெத்சாபே கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். "பசூர்தோல எடைக்கு எடுப்பாம்வே. வெயில்ல நிக்காதேயும், காலு கருத்துரும்."

துறையே சிரித்தது. எனெய்தா சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏறும். சந்தைக்குத்தான் போறேன், எறக்கி விடுதேன். கூலி எல்லாருக்கும் என்னவோ அதுதான் ஒமக்கும்."

அவன் ஏறினான். ஏறி, பழைய பழக்கத்தில், பின்னால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மோட்டார் பிடித்தது. படகு பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு தடுமாறியது. கூடைகள் சரிந்தன.

"முன்னால போயி ஒக்காரும்" என்றாள் அவள். "பின்னால பாரம் ஜாஸ்தி."

அவன் காலைத் தூக்கிக்கொண்டு, மீன் கூடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, முனையில் போய் உட்கார்ந்தான். படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வேகம் பிடித்தது.